தன்னார்வலரின் நேரத்துக்கும் கணக்கு வேண்டும்

ஊர் நூலகம், மாலை வகுப்பு, ரத்த தானம், ஏரி மீட்பு, படுத்த படுக்கையான நோயாளிகளின் பராமரிப்பு ஆகிய பணிகளை நடத்திவரும் அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், ஒருங்கிணைப்பாளர்கள் அனைவருக்கும் இந்தத் திறந்த மடல்.

ஓர் ஊர் அமைப்பு இரண்டு கொடைகளால் நடக்கிறது. ஒன்று பணம், இன்னொன்று நேரம். பணம் வந்தால் ரசீது கிழித்துக் கொடுக்கிறார்கள், பேரேட்டில் வரவு வைக்கிறார்கள், ஆண்டுப் பொதுக்குழுவில் தணிக்கை அறிக்கை வாசிக்கிறார்கள். நூறு ரூபாய் இடித்தாலும் யாராவது எழுந்து கேள்வி கேட்கிறார்கள். நேரத்துக்கு இதில் எதுவும் கிடையாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரச்சொல்லி, சாவி வைத்திருப்பவர் வராததால் ஒன்பது மணிவரை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப்போன இருபது பேரின் நாற்பது மணி நேரம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பேர் வருகிறார்கள், அதற்கடுத்த வாரம் ஐந்து பேர். பிறகு செயற்குழுவில், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை என்று பேச்சு எழுகிறது. பிள்ளைகள் கொடுத்தார்கள், வாங்கி வைத்துக்கொள்ள அமைப்புக்குத் தெரியவில்லை. தன்னார்வலர் நிர்வாகத்தில் நேர்கிற பெரும்பாலான தோல்விகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியபோதிருந்தே இதை ஓரளவு புரிந்துகொண்ட திட்டம். அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. மணிக்கணக்கு எழுதப்படுவதால், அந்த மணி எதில் செலவானது என்று கேட்பதற்காவது இடம் இருக்கிறது. ஊர் அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த முதல் படிகூட இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும்: தேதி, பெயர், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை. மூன்று மாதம் எழுதிப் பார்த்தால் யாரை அளவுக்கு மீறி உழைக்க வைக்கிறோம், யாரைச் சும்மா உட்கார வைக்கிறோம், எந்த வேலைக்கு ஆளே வருவதில்லை என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

ஆள் தேடுவதற்கு முன்னால் வேலையைத் தயார் செய்தாக வேண்டும். ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் அகற்றும் பணியை எடுத்துக்கொள்ளலாம். அறிவிப்பைப் பார்த்து அறுபது பேர் வருகிறார்கள். எட்டு மண்வெட்டி, நான்கு அரிவாள் இருக்கின்றன. முள் தைக்காத கையுறை இல்லை. வெட்டிய மரத்தை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியாது. ஏரி ஊராட்சியின் பொறுப்பில் உள்ளதா, நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளதா என்ற கேள்வி பத்து மணிக்கு ஒருவர் வண்டியை நிறுத்தி அதட்டும்போதுதான் எழுகிறது. நாற்பது பேர் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை, கையில் கொடுக்க வேலை இல்லாதபோது வேறென்ன செய்வார்கள்?

இதே பணியை முதல் நாளே ஒருவர் நடந்துபார்த்து, மதகிலிருந்து அரசமரம்வரை என்று எல்லை குறித்து, அதற்கு இருபத்தைந்து பேர் போதும் என்று கணக்கிட்டு, அனுமதிக் கடிதம் வாங்கி, டிராக்டருக்குச் சொல்லிவைத்து, குடிநீர், முதலுதவிப் பெட்டி, கையுறை எல்லாம் எடுத்துவைத்து, பத்தரை மணிக்கு முடித்துவிடுவோம் என்று நேரமும் சொல்லிவிட்டால், அந்த இருபத்தைந்து பேரும் அடுத்த மாதமும் வருவார்கள். வந்த வேலை கண்முன்னால் முடிந்ததைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு வேறு ஊக்கம் தேவைப்படுவதில்லை. அரைப் பக்கப் பணிக் குறிப்பு ஒவ்வொரு வேலைக்கும் இருக்க வேண்டும். என்ன வேலை, எங்கே, எவ்வளவு நேரம், யாரிடம் கேட்க வேண்டும், எது செய்யக்கூடாது. இந்த ஐந்தையும் எழுத முடியாத வேலைக்கு ஆள் கூப்பிடாமல் இருப்பதே மரியாதை.

வேலையை நறுக்கி வைப்பதும் இந்தத் தயாரிப்பில் சேர்ந்தது. வாரம் முழுக்க நேரம் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவகை. மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் வர முடிகிற தொழிற்சாலை ஊழியர் இன்னொருவகை. வீட்டைவிட்டு நகர முடியாமல், இரவு பத்து மணிக்கு மேல் கணக்குகளைக் கணினியில் ஏற்றித்தரக்கூடியவரும் இருக்கிறார். எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்து, வாரக் கூட்டத்துக்கு வராதவர் ஆர்வம் இல்லாதவர் என்று முத்திரை குத்தும் அமைப்பு பாதிப் பேரைத் தானே வெளியேற்றிக்கொள்கிறது.

தயாரிப்பு இல்லாத நல்லெண்ணம் எவ்வளவு பெரிய சுமையாக முடியும் என்பதைத் தமிழ்நாடு பேரிடர்களில் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாடெங்கிலுமிருந்து லாரிகள் வந்தன. வந்தவற்றில் பழந்துணி மலையாக இருந்தது. கட்டிக்கொள்ள முடியாத துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து நனைந்தன. அவற்றை அகற்றுவதே தனி வேலையாயிற்று. ஒரு குப்பத்துக்குப் பத்து அமைப்புகள் போக, பக்கத்துக் குப்பத்துக்கு யாரும் போகாத நிலையும் இருந்தது. மாவட்ட நிர்வாகமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை ஏற்படுத்தி, யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்று பட்டியலிட்ட பிறகே வந்த உதவி சேர வேண்டிய இடத்துக்குச் சேரத் தொடங்கியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும் படகோடு இறங்கிய மீனவர்கள் முதல் சமையல்கட்டுகளைத் திறந்துவிட்ட பள்ளிவாசல்கள், கோயில்கள், தேவாலயங்கள் வரை மனிதர்கள் காட்டிய பெருந்தன்மை அளவிட முடியாதது. ஆனால் அப்போதும் சாப்பாட்டுப் பொட்டலங்கள் பெரிய சாலையை ஒட்டிய தெருக்களில் மீந்தன. உள்ளடங்கிய தெருக்களில் கிடைக்கவில்லை. பேரிடருக்கு வரும் திடீர்த் தன்னார்வலர்களை வாசலிலேயே பதிவுசெய்து, பெயரும் தொலைபேசி எண்ணும் தெரிந்த தொழிலும் எழுதிக்கொண்டு, உள்ளூர் ஆள் ஒருவருடன் சேர்த்து அனுப்பும் மேசை ஒன்று அன்றாடக் காலத்திலேயே திட்டமிடப்பட்டிருக்க வேண்டும். வெள்ளம் வந்த அன்று மேசை தேடினால் கிடைக்காது.

தன்னார்வலர்கள் ஏன் வருகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளாரி, ஸ்னைடர் உள்ளிட்டோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, காரணங்களை ஆறாகப் பிரித்தது. பிறருக்கு உதவ வேண்டும் என்ற மதிப்பீடு அவற்றில் ஒன்று மட்டுமே. புதிதாகக் கற்றுக்கொள்வது, நட்பு வட்டம், வேலைவாய்ப்புக்கான அனுபவம், சொந்தத் துயரிலிருந்து விடுபடுவது, தன்மதிப்பு வளர்வது ஆகியவை மற்றவை. நம் ஊரிலும் இதுவே நிலை. மனைவியை இழந்தவர் வீட்டின் வெறுமை தாங்காமல் நூலகத்துக்கு வருகிறார். கல்லூரி மாணவிக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது. புதிதாகக் குடிவந்தவர் நாலு பேரைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார். இவற்றில் எதுவும் இழிவான காரணமில்லை. சான்றிதழுக்காக வந்தார் என்று முணுமுணுப்பதைவிட, என்ன எதிர்பார்த்து வந்தீர்கள் என்று முதல் நாளே பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டால், அவருக்குப் பொருந்தும் வேலையைக் கொடுக்கலாம். மனிதர்களோடு பேச வந்தவரிடம் புத்தகங்களுக்கு எண் ஒட்டும் வேலையைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தால் இரண்டாம் வாரம் அவர் வரமாட்டார்.

கேட்கும் முறையும் முக்கியம். முந்நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் "யாராவது வாருங்கள்" என்று போட்டால், வேறு யாராவது போவார்கள் என்று முந்நூறு பேரும் நினைக்கிறார்கள். பெயர் சொல்லி ஒருவரை அழைத்து, வியாழன் மாலை ஐந்திலிருந்து ஆறரைவரை ஏழாம் வகுப்புக் கணக்குக்கு உங்களால் வர முடியுமா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று பதில் கிடைக்கும். இல்லை என்பதும் நல்ல பதிலே. அதற்காக மனம் நோகாதவரிடம்தான் மக்கள் அடுத்த முறை ஆம் என்பார்கள்.

ரத்த தானக் குழுக்களின் செய்திப் பழக்கம் தனியாகப் பேச வேண்டிய அளவுக்கு முக்கியமானது. பணத்துக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் 1998 ஜனவரி 1 முதல் தடை. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து வந்த மாற்றம் அது. எனவே ரத்த வங்கிகள் முழுக்கவும் கொடையாளர்களையும் உறவினர்களையும் நம்பியிருக்கின்றன. "மிக அவசரம், ஓ நெகட்டிவ், உடனே பகிரவும்" என்று ஒரு செய்தி கிளம்புகிறது. தேதி இல்லை, மருத்துவமனை பெயர் இல்லை. மூன்றாம் நாளும் அது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் அந்த நோயாளிக்கு ரத்தம் ஏற்றி முடித்திருப்பார்கள். பேருந்து ஏறி மருத்துவமனைவரை போய், தேவை முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பிய கொடையாளர், அடுத்த முறை உண்மையான அவசரத்திலும் தயங்குவார். தேதி, மருத்துவமனை, ரத்த வங்கியின் இடம், ரத்த வகை, எத்தனை யூனிட், எத்தனை மணிக்குள், உடனிருப்பவரின் எண் ஆகிய ஏழும் இல்லாத செய்தியை அனுப்புவதில்லை என்று குழு உறுதியெடுக்க வேண்டும். தேவை நிறைவேறியதும் "கிடைத்துவிட்டது, நன்றி" என்ற செய்தியும் அதே குழுவில் வர வேண்டும். கொடையாளர் பட்டியலில் கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி இருப்பதும் கட்டாயம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 கிராம் என்பவை அடிப்படைத் தகுதிகள். போன மாதம் கொடுத்தவரையே திரும்பத் திரும்ப அழைப்பது அவருடைய உடம்பையும் பொறுமையையும் சோதிப்பதாகும்.

பயிற்சி விஷயத்தில் அண்டை மாநிலமான கேரளத்தின் வலி நிவாரண, தணிப்புப் பராமரிப்பு இயக்கத்திலிருந்து கற்க வேண்டியது ஏராளம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரண, தணிப்புப் பராமரிப்புச் சங்கத்திலிருந்து, புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கக் குழுக்கள் கிளைத்தன. புற்றுநோயாலோ பக்கவாதத்தாலோ படுத்துவிட்டவரை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் பொறுப்பை ஊர்மக்களே ஏற்றார்கள். ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், ஆசிரியர், இல்லத்தரசி என எல்லோரும் அதில் வந்தார்கள். நிபந்தனை சின்னது: வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிய வேண்டும். ஆனால் பயிற்சி சின்னதில்லை. பதினாறு மணி நேர வகுப்பு, அதன்மேல் நான்கு நாள் மேற்பார்வையில் நேரடி அனுபவம். முடித்தவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து தம் பகுதிக்கான குழுவை அமைத்துக்கொண்டார்கள். 2008இல் கேரள அரசு தணிப்புப் பராமரிப்புக்குத் தனிக் கொள்கை வெளியிட்டபோது, இந்தத் தன்னார்வலர்கள் இட்ட அடித்தளம் அதற்கு முன்பே இருந்தது.

இரண்டு மணி நேரம் தருகிறவரிடம் பதினாறு மணி நேரப் பயிற்சி கேட்டால் ஓடிவிடமாட்டாரா என்று பல பொறுப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. தெரியாத வீட்டுக்குள் நுழைந்து, எலும்பும் தோலுமாகக் கிடக்கும் மனிதர்முன் நிற்கும்போது என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறாரே, அந்தத் தவிப்புதான் தன்னார்வலரை விரட்டும். பயிற்சி அந்தத் தவிப்பைக் குறைக்கிறது. கட்டிலருகே நின்றபடி பேசாமல் நோயாளியின் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். "எல்லாம் சரியாகிவிடும்" என்று பொய்யாறுதல் சொல்லக்கூடாது. தெரிந்த நாட்டு மருந்தைப் பரிந்துரைக்கக்கூடாது. நோயாளி சொன்னதைத் தெருவில் சொல்லக்கூடாது. மருந்தளவு பற்றிக் கேட்டால் செவிலியரிடம் சேர்க்க வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்பதைச் செய்துபார்த்தே கற்க வேண்டும். இரவெல்லாம் விழித்திருக்கும் மகளை அரை மணி நேரம் தூங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் பராமரிப்பே என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இவையெல்லாம் தெரிந்தபின் போகிறவருக்குக் கால் நடுங்காது. அந்த வீட்டில் அரிசி இல்லை, பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பதையும் அவர் கண் பார்த்துக்கொண்டு வரும். மருத்துவரால் முடியாத அந்த வேலைகளைக் குழு எடுத்துச் செய்தது. இயக்கத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

தமிழ்நாட்டின் சொந்த அனுபவமும் குறைந்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வயதுவந்தோருக்கு எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கம், ஒரு தொண்டருக்குப் பத்துக் கற்போர் என்ற அளவில், சம்பளமில்லாத ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் கொண்டு நடந்தது. தொண்டர்களுக்குமேல் கருத்தாளர்கள், அவர்களுக்குமேல் மாவட்ட ஒருங்கிணைப்பு என்று அடுக்குகள் இருந்தன. தொண்டர் தெருவிளக்கின்கீழ் தனியாக விடப்படவில்லை. வாரத்துக்கொருமுறை தன் சிக்கலைச் சொல்லிக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் இருந்தார். ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்மையாகக் கவனித்துக்கொள்ளக்கூடியது பத்து, பன்னிரண்டு பேரைத்தான். ஐம்பது தன்னார்வலரும் ஒரே செயலாளரிடம் நேரடியாகப் பேசும் அமைப்பில், செயலாளர் முதலில் களைத்துப்போவார், பிறகு தொலைபேசியை எடுக்கமாட்டார்.

அறிவொளியின் புதுக்கோட்டை அத்தியாயத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 1991இல் அங்கே இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் வகுப்புக்குப் போகவும், தொண்டர்களாக ஊர் விட்டு ஊர் செல்லவும் பெரிய தடை போக்குவரத்து என்பது தெரிந்தது. சைக்கிள் ஓட்டக் கற்பிப்பதையே இயக்கம் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. சைக்கிள் வாங்கக் கடனுக்கும் வழிசெய்தார்கள். 1992 மகளிர் நாளை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்தபடி புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். பெண்கள் முன்வருவதில்லை என்று புலம்பும் அமைப்புகள் தம் கூட்ட நேரத்தை முதலில் பார்க்கட்டும். இரவு எட்டு மணிக்குக் கூட்டம், கடைசிப் பேருந்து எட்டரைக்கு, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றால் எந்தப் பெண் வருவார்? கைக்குழந்தையோடு வருகிறவருக்கு ஒரு பாய் விரித்து வைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

வேலைப் பங்கீட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பல அமைப்புகளில் ஒலிபெருக்கி ஆண்கள் கையிலும், தேநீர்த் தட்டு பெண்கள் கையிலும் இருக்கிறது. குப்பை அள்ளும் வேலை என்றால் குறிப்பிட்ட தெருவிலிருந்து வரும் இளைஞர்களை நோக்கியே கண் திரும்புகிறது. பள்ளியில் பேசப்போவதற்கு வேறு தெருப் பிள்ளைகள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் சாதி அங்கே உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன நோட்டில் யார் என்ன வேலை செய்தார் என்று எழுதி வந்தால் ஆண்டிறுதியில் இது மறைக்க முடியாதபடி தெரியும். சுழற்சி முறை வைத்து, தலைவரும் துடைப்பம் எடுப்பதும் கடைசித் தெருப் பையன் கூட்டத்துக்குத் தலைமை ஏற்பதும் நடந்தால்தான் அது ஊர் அமைப்பு. மற்றபடி அது ஊரின் பழைய ஏற்பாட்டுக்குப் புதுப் பெயர்ப்பலகை மட்டுமே.

குழந்தைகளோடு வேலை செய்யும் அமைப்புகளில் தளர்வுக்கு இடமே இல்லை. தெரிந்தவர், நல்ல குடும்பம் என்பதெல்லாம் சரிபார்ப்பு ஆகாது. அடையாள ஆவணம், அவரை அறிந்த இருவரிடம் விசாரணை, முதல் சில வாரங்கள் இன்னொருவருடன் சேர்ந்தே வகுப்பு ஆகியவை அனைவருக்கும் பொதுவான விதியாக இருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் தனித்து இருக்கக்கூடாது. படம் எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். போக்சோ சட்டம் 2012இன்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் சட்டக் கடமை. அமைப்பின் பெயர் கெட்டுவிடும் என்று செயற்குழுவிலேயே பேசி முடிப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வகுப்பறைச் சுவரில் குழந்தைகள் வாசிக்கும் உயரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் வழக்கம் நல்லதல்ல. தன்னார்வப் பணி என்பதற்குக் கைக்காசைச் செலவழிக்கும் பணி என்று பொருள் கொண்டால், வசதியுள்ளவர்கள் மட்டுமே தொண்டு செய்ய முடியும். பேருந்துக் கட்டணம், நகலெடுத்த செலவு, தொலைபேசிச் செலவு ஆகியவற்றுக்கு வவுச்சர் எழுதி அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். கேட்டு வாங்கும்படி விடக்கூடாது. கேட்க முடியாமல் நின்றுவிடுகிறவர்களே அதிகம். வேண்டாம் என்கிறவர் கையெழுத்துப் போட்டு நன்கொடையாகத் திருப்பித் தரலாம்.

மதிப்பூதியம் இன்னும் நுட்பமானது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கற்பித்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள். அந்த ஆயிரம் அவர்களுடைய வேலையின் விலை ஆகாது. ஆனால் வெளியே போவதற்கு வீட்டில் கேள்வி எழாமலிருக்கப் பலருக்கு அது உதவியிருக்கும். மறுபக்கமும் உண்டு. பிரிட்டன், அமெரிக்க ரத்த வங்கிகளை ஒப்பிட்டு ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் எழுதிய நூல், ரத்தத்துக்கு விலை வைப்பது கொடுக்கும் மனத்தைச் சுருக்கும் என்று வாதிட்டது. அந்த விவாதம் பொருளியலாளர்களிடையே இன்றும் தொடர்கிறது. ஊர் அமைப்புகளுக்குப் பாதுகாப்பான வழி, செலவை முழுமையாக ஈடுசெய்வதும், தொடர்ந்து நேரம் கேட்கும் வேலைக்குத் தொகையை முன்கூட்டி எழுத்தில் சொல்லி, சொன்ன தேதியில் கொடுப்பதுமே. ஒருவருக்குக் கொடுத்து, அதே வேலை செய்யும் இன்னொருவருக்குக் கொடுக்காமலிருப்பதைப்போல ஒரு குழுவை உடைப்பது வேறில்லை. சம்பள ஊழியர் செய்ய வேண்டிய வேலையை இலவசமாகத் தன்னார்வலர் தலையில் கட்டுவதும் தவறு. கணக்கெழுத்தர் இடம் காலியானால் கணக்கெழுத்தரையே அமர்த்த வேண்டும்.

இலவசமாகச் செய்கிறவரை எப்படிக் கண்டிப்பது என்ற தயக்கத்தால் பல அமைப்புகள் சீரழிகின்றன. மூன்று வாரம் தொடர்ந்து வகுப்புக்கு வராத ஆசிரியரால் நஷ்டப்படுவது பதினைந்து பிள்ளைகள். அவரைத் தனியே அழைத்து, நடந்ததைத் தேதியோடு சொல்லி, என்ன சிரமம் என்று கேட்க வேண்டும். நாளை மாற்றலாம், வேலையை மாற்றலாம், இரண்டு மாதம் ஓய்வு கொடுக்கலாம். அதற்கும் பிறகு மாறவில்லை என்றால் நன்றி சொல்லி விடுவித்துவிட வேண்டும். குழுவில் எல்லோர் முன்னிலையிலும் குத்திக்காட்டிச் செய்தி போடுவது கண்டிப்பு ஆகாது, அது அவமதிப்பு. பிள்ளைகளை அடித்தவர், நோயாளியின் வீட்டில் பணம் கேட்டவர், பெண் தன்னார்வலருக்குத் தொல்லை கொடுத்தவர் விஷயத்தில் மட்டும் இந்தப் படிகள் கிடையாது. அன்றே நிறுத்த வேண்டும், எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். முறையீட்டைச் செயலாளரிடம்தான் சொல்ல வேண்டும் என்ற நிலையும் இருக்கக்கூடாது, ஏனென்றால் முறையீடே செயலாளர்மேல் இருக்கலாம். செயற்குழுவில் இல்லாத, ஊரில் மதிப்புள்ள இருவர், அவர்களில் ஒருவராவது பெண், இதற்கென்று இருப்பது நல்லது.

பாராட்டு என்றால் ஆண்டு விழா, பொன்னாடை, கேடயம் என்று பழகிவிட்டது. மேடையில் இருபது பேருக்குப் பொன்னாடை போர்த்த ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த இருபதில் பதினைந்து பேர் விருந்தினர்கள். தன்னார்வலர் பின்வரிசையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது வேறு. அவர் கற்பித்த பிள்ளை தட்டுத்தடுமாறாமல் வாசித்தது என்ற செய்தி அவர் காதுக்கு வர வேண்டும். அவர் சொன்ன யோசனை செயல்படுத்தப்பட்டால் அது அவர் பெயரோடு அறிக்கையில் இடம்பெற வேண்டும். அடுத்த ஆண்டுத் திட்டம் போடும்போது அவரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். வேலைக்கு அழைத்து முடிவுக்கு அழைக்காத அமைப்பில் சுயமரியாதை உள்ளவர் நீடிக்கமாட்டார். கேட்கிறவருக்குப் பணிச் சான்றிதழை மணிக்கணக்கோடு, செய்த வேலையின் விவரத்தோடு எழுதித் தருவதும் ஒரு மரியாதையே.

விலகுவதற்கும் கதவு திறந்திருக்க வேண்டும். தன்னார்வலர்கள் திருமணமாகிப் போவார்கள், வேலை கிடைத்து வெளியூர் போவார்கள், களைத்தும் போவார்கள். ஆறு மாதம் அல்லது ஓராண்டு என்று காலம் குறித்துப் பொறுப்பைக் கொடுத்தால், முடியும்போது தொடரவா நிறுத்தவா என்று இருதரப்பும் கூச்சமின்றிப் பேசலாம். காலம் குறிக்காத இடத்தில் மனிதர்கள் சொல்லாமல் காணாமல்போகிறார்கள், போன குற்ற உணர்வால் தெருவில் கண்டாலும் ஒதுங்கிப்போகிறார்கள். விலகுகிறவரிடம் எது உங்களைச் சிரமப்படுத்தியது என்று கேட்டு எழுதிவைப்பது, இருப்பவர்களிடம் கேட்பதைவிடப் பயன் தரும். இருப்பவர்கள் தயங்கிச் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். சாவி, பதிவேடு, கடவுச்சொல், தொடர்பு எண்கள் ஆகியவை ஒப்படைக்கப்பட்டனவா என்று ஒரு பட்டியல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனர்களுக்கும் இதே விதி. இருபது ஆண்டாக ஒரே செயலாளர் என்பதைப் பல அமைப்புகள் பெருமையாகச் சொல்கின்றன. அவருடைய உழைப்பு பெருமைக்குரியது, ஐயமில்லை. ஆனால் அவருடைய அலைபேசியில் மட்டும் கொடையாளர் பட்டியல், அவருடைய நினைவில் மட்டும் நோயாளி வீடுகள், அவர் கையெழுத்தில் மட்டும் வங்கிக் கணக்கு என்றால், அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் அமைப்பும் படுத்துவிடும். ஒவ்வொரு பொறுப்புக்கும் துணைப் பொறுப்பாளர் ஒருவர், ஆண்டில் ஒரு மாதமாவது முதன்மைப் பொறுப்பாளர் விலகியிருந்து துணையே முழுவதும் நடத்திப் பார்ப்பது, இரண்டு பதவிக்காலத்துக்குமேல் ஒருவர் அதே பதவியில் தொடர்வதில்லை என்று துணைவிதியில் எழுதுவது ஆகிய மூன்றும் இந்த ஆண்டுப் பொதுக்குழுவிலேயே தீர்மானமாக வரலாம். நிதிநிலை அறிக்கையோடு அந்த ஆண்டு தன்னார்வலர்கள் தந்த மொத்த மணி நேரம், அது எந்தெந்தப் பணிக்குச் செலவானது, எவ்வளவு வீணானது என்ற பக்கமும் அச்சாகி உறுப்பினர் கைக்குப் போகட்டும்.

தோழமையுடன்.